கூட்டாளிக்கு ஆமிக் கடிதம் வந்தால்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜேர்மனியின் புதிய படைச்சேவைச் சட்டம் 2026 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து உவர்மலை, அன்புவழிபுரம், உப்புவெளி, சாம்பல்தீவு என்று எங்கே போனாலும் ஒரே கதைதான்: "அங்கே பொடியன்களை ஆமிக்குப் பிடிக்கிறாங்களாம்." வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல் பதிவுகளில் பாதி பிழை. மீதியில் உண்மை இருந்தாலும் எந்த நாட்டுக்குரியது, யாருக்குப் பொருந்துவது என்பது கலந்துபோய் இருக்கிறது. வெளிநாட்டில் பெறாமகனோ மருமகளோ பள்ளிக்கூடக் கூட்டாளியோ உள்ளவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஜேர்மனியைப் பற்றிக் கூடுதலாக இருக்கும். இப்போது அதிகம் குழம்புவது அங்கேதான்.

ஜேர்மனியில் கட்டாய இராணுவ சேவை திரும்ப வந்துவிட்டதா?

முழுதாக வரவில்லை. மேற்கு ஜேர்மனியில் 1956இல் சட்டமான கட்டாயச் சேவை 2011 ஜூலை 1 அன்று இடைநிறுத்தப்பட்டது. நீக்கப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 டிசம்பர் 5 அன்று பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் மூன்று விஷயங்களைச் செய்கிறது. 2008இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 18 வயதாகும்போது வினாக்கொத்து அனுப்புகிறது. ஆண்கள் அதை நிரப்பியே ஆகவேண்டும், பெண்கள் விரும்பினால் நிரப்பலாம். அடுத்தது, அந்த வயதுப் பிரிவு ஆண்களுக்கு உடற்தகுதிப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது. இது படிப்படியாக வரும், 2027 நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு ஆண்டுப் பிரிவும் முழுமையாக அழைக்கப்படும். மூன்றாவது, தானாக முன்வந்து சேர்பவருக்குக் கூடுதல் சம்பளம்.

முகாமுக்குப் போவது இன்னமும் விருப்பத்தின் பேரில்தான். ஆள் போதாமல் போய்க் கட்டாயமாக எடுக்க நினைத்தால் பாராளுமன்றம் தனியாக இன்னொரு சட்டம் நிறைவேற்றவேண்டும். அது நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2025இல் சுமார் 1,83,000 ஆக இருந்த படையை 2035 அளவில் 2,60,000 ஆக்குவது இலக்கு. தொண்டர்களைக் கொண்டு அந்த எண்ணிக்கையை எட்டாவிட்டால் கட்டாயத்தைப் பற்றிய பேச்சு மறுபடி எழும். ஆகவே "ஒன்றும் இல்லை, பயப்படாதே" என்பதும் பிழை, "பிடிக்கிறார்கள்" என்பதும் பிழை.

என் கூட்டாளிக்கு 30 வயது. அவனுக்கும் வருமா?

வினாக்கொத்து வராது. 2007இலோ அதற்கு முன்னரோ பிறந்தவர்கள் இந்தப் புதிய பதிவு முறைக்குள் இல்லை. நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று பாராளுமன்றம் அறிவிக்கிற நிலை வந்தால் பழைய சட்டம் உயிர்பெறும், அப்போது வயது வந்த ஆண்களும் அதற்குள் வருவார்கள். அது வேறு நிலைமை.

பெற்றோர் இருவருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டு. பிள்ளைக்கு எப்படி ஜேர்மன் ஆமிக் கடிதம் வரும்?

அதிகம் திடுக்கிட வைப்பது இதுதான். ஜேர்மனியில் 2000ஆம் ஆண்டிலிருந்து, வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் பிள்ளைக்குச் சில நிபந்தனைகளோடு பிறப்பிலேயே ஜேர்மன் பிரஜாவுரிமை கிடைக்கிறது. பிள்ளை பிறந்தபோது தாயோ தகப்பனோ எட்டு ஆண்டு சட்டபூர்வமாக அங்கே வாழ்ந்து நிரந்தர வதிவிட உரிமையும் வைத்திருந்தால் போதும். 2024 ஜூனிலிருந்து அந்த எட்டு ஐந்தாகிவிட்டது. எனவே தகப்பன் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு இருக்கும், 2008இல் டோர்ட்முண்டில் பிறந்த மகன் சட்டப்படி ஜேர்மன்காரனாக இருப்பான்.

படைச்சேவைச் சட்டம் பார்ப்பது பிரஜாவுரிமையைத்தான். ஜேர்மன் பிரஜை அல்லாதவர் என்ன விசா வைத்திருந்தாலும், அகதி அந்தஸ்துப் பெற்றவராக இருந்தாலும், நிரந்தர வதிவிட அனுமதியோடு இருபது வருடம் இருந்தாலும் இந்தக் கடமைக்குள் வரமாட்டார். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் வருவார். இன்னொரு நாட்டுக் கடவுச்சீட்டு இருப்பது விலக்கு ஆகாது. வினாக்கொத்திலேயே வேறு பிரஜாவுரிமை உண்டா என்று கேட்கிறார்கள், உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும்.

ஆகவே ஊரிலிருந்து கேட்கவேண்டிய முதல் இரண்டு கேள்விகள் இவை: பிறந்த ஆண்டு என்ன? கையில் உள்ள கடவுச்சீட்டுகள் எவை? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் சித்தப்பாமார் தொலைபேசியில் கொடுக்கிற ஆலோசனை எல்லாம் காற்றில் போகும்.

கடிதத்தில் என்ன கேட்கிறார்கள்? பதில் போட்டால் சேர்ந்ததாக ஆகிவிடாதா?

ஆகாது. கடிதத்தில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும், அதன் வழியாக இணையத்தில் நிரப்பவேண்டும். பெயர், பிரஜாவுரிமை, குடும்ப நிலை, உயரம், நிறை, படிப்பு, வேறு தகைமைகள், உடல்நிலை பற்றிச் சொந்த மதிப்பீடு, படைச்சேவையில் ஆர்வம் உண்டா என்பது போன்றவை. "ஆர்வம் இல்லை" என்று எழுத முழு உரிமை உண்டு. அதற்காக யாரும் தண்டிக்கமாட்டார்கள்.

தண்டம் வருவது பதிலே போடாமல் விட்டால். பொய்த் தகவல் கொடுப்பதும் அதே வகை. எங்கள் குடும்பங்களில் நடக்கிற பிழையும் இதுதான்: பயத்தில் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிடுவது. நினைவூட்டல் வரும், பிறகு தண்டப்பணம் வரும், அதற்குப் பிறகும் நிரப்பத்தான் வேண்டும். கடிதத்தில் உள்ள காலக்கெடுவை முதலில் வட்டமிடுங்கள்.

இன்னொன்று, "ஆர்வம் உண்டு, சம்பளத்தைப் பார்ப்போம்" என்று விளையாட்டுக்கு எழுதாதீர்கள். பின்னர் மனச்சாட்சியின் பேரில் மறுக்க நினைத்தால் அந்தப் பதில் எதிரே வந்து நிற்கும்.

கடிதம் தகப்பன் பெயருக்கு வந்திருக்கிறது. பிழையாக வந்ததா?

பெரும்பாலும் பிழை இல்லை. நம் முறையில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும், ஐரோப்பியப் பதிவில் அது குடும்பப் பெயராகிவிடும். தகப்பன் சிவராசா, மகன் சிவராசா கவின் என்றால், உறையில் "திரு. சிவராசா" என்றுதான் இருக்கும். தகப்பன் திறந்து பார்த்து, "எனக்கு 52 வயது, எனக்கெதற்கு" என்று குப்பையில் போட்டுவிடுகிறார். உள்ளே பிறந்த திகதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவேட்டில் பெயர் பிழையாக இருந்தால் அதை இந்தக் கடிதத்தின் வழியாகத் திருத்த முடியாது. வசிக்கும் நகரசபையின் வதிவிடப் பதிவுப் பிரிவில் திருத்தவேண்டும். திருகோணமலையில் பதிவான பிறப்புச் சான்றிதழ் அதற்குத் தேவைப்பட்டால் புதிய பிரதி எடுத்து அனுப்பலாம். அங்கே பதிவான ஜேர்மன் மொழிபெயர்ப்பாளர் செய்ததையே பல அலுவலகங்கள் ஏற்கும் என்பதால், இங்கே ஜேர்மன் மொழியில் செய்வித்துக் காசைக் கரைக்கவேண்டாம். பிரதியை மட்டும் அனுப்பினால் போதும். வினாக்கொத்தை நிரப்ப இங்கிருந்து எந்தக் காகிதமும் தேவையில்லை. கிராம சேவகரிடம் கடிதம் எடுக்க அலையவேண்டாம்.

பதில் போட்டால் உக்ரைனுக்கு அனுப்பிவிடுவார்களா?

வினாக்கொத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஜேர்மன் படையை ஆயுதத்தோடு வெளிநாட்டு நடவடிக்கைக்கு அனுப்பப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும்.

உடற்தகுதிப் பரிசோதனைக்கு எதைக் கொண்டுபோகவேண்டும்?

அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, அழைப்புக் கடிதம், இருக்கிற வைத்திய அறிக்கைகள் எல்லாம். ஆஸ்துமா, முழங்கால் சத்திரசிகிச்சை, வலிப்பு, கடும் ஒவ்வாமை, மனநலச் சிகிச்சை போன்றவற்றுக்கு வைத்தியரின் எழுத்து இல்லாமல் வாயால் சொன்னால் எடுபடாது. சிறுவயதில் விடுமுறைக்கு வந்தபோது திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றிருந்தால் அந்த நோய் நிர்ணய அட்டையும் பயன்படும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அப்படியே கொடுக்கலாம். ஆனால் அங்குள்ள குடும்ப வைத்தியர் அதைத் தன் கோப்பில் சேர்த்துச் சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதித் தந்தால்தான் அதற்குப் பலம். இல்லாத வருத்தத்தை உருவாக்கிக் கடிதம் வாங்குவது குற்றம். தவிர, அது பின்னாளில் காப்புறுதிக்கும் சில வேலைகளுக்கும் தடையாகும்.

மனச்சாட்சியின் பேரில் மறுக்க முடியுமா? எப்படி?

முடியும். ஜேர்மன் அரசியலமைப்பின் 4ஆவது உறுப்புரையின் 3ஆம் பிரிவு சொல்கிறது: மனச்சாட்சிக்கு எதிராக யாரையும் ஆயுதம் தாங்கிய போர்ச்சேவைக்கு வற்புறுத்தக்கூடாது. இந்த உரிமை கட்டாயச் சேவை நிறுத்தி வைக்கப்பட்ட பிறகும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

விண்ணப்பம் படையின் ஆட்சேர்ப்பு நிலையத்துக்குப் போகவேண்டும். தீர்மானிப்பது படை அல்ல, குடும்ப விவகாரங்களுக்கான மத்திய அலுவலகம். அது கேர்ள்ன் (Köln) நகரில் இருக்கிறது. சேவை செய்திராத ஒருவர் விண்ணப்பித்தால் முதலில் உடற்தகுதிப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். தகுதி இல்லை என்று வந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். தகுதி உண்டு என்றால்தான் கோப்பு கேர்ள்னுக்குப் போகும். அதனால் விண்ணப்பித்தவுடன் பரிசோதனைக்கு அழைப்பு வருவதைப் பார்த்து "மாட்டிக்கொண்டோம்" என்று பதறவேண்டாம்.

தேவையானவை மூன்று. 4ஆவது உறுப்புரை, 3ஆம் பிரிவு என்று குறிப்பிட்டு, கையெழுத்திட்ட ஒரு சிறு விண்ணப்பம். ஆண்டுவாரியாக, இடைவெளி இல்லாத சுயவிபரக் கோவை. பிறகு, தன் மனச்சாட்சி ஏன் இடம்தரவில்லை என்பதைத் தன் சொற்களில் விளக்கும் எழுத்து. பின்னைய இரண்டையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பலாம், அல்லது ஒரு மாதத்துக்குள் அனுப்பவேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தவறவிடுவது பலருக்கும் நேர்கிற சறுக்கல். எழுதி முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

அந்த எழுத்தில் யுத்தக் கதையை எழுதினால் போதாதா? எங்கள் குடும்பம் பட்டது கொஞ்சமா?

எழுதலாம், ஆனால் அது மட்டும் போதாது. அதிக கவனம் வேண்டிய இடம் இது.

அலுவலகம் பார்ப்பது விண்ணப்பிப்பவனின் மனச்சாட்சியை, தகப்பனுடையதை அல்ல. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தது அம்மம்மா. கிளிவெட்டி முகாமில் கூடாரத்தில் கிடந்தது மாமா. பிள்ளையோ ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவன். "என் குடும்பம் போரில் துன்பப்பட்டது, ஆகவே நான் மறுக்கிறேன்" என்று மட்டும் எழுதினால், அது துயரம், மனச்சாட்சித் தீர்மானம் அல்ல என்று திருப்பிக் கேள்வி கேட்பார்கள். அந்தக் கதைகளை எந்த வயதில் யார் வாயிலிருந்து கேட்டான், கேட்ட பிறகு அவனுக்குள் என்ன மாறியது, இன்னொரு மனிதரைக் கொல்வதை ஏன் தன்னால் செய்யவே முடியாது என்று முடிவெடுத்தான், அந்த முடிவு அன்றாட வாழ்வில் எங்கே தெரிகிறது? இந்தச் சங்கிலி இருக்கவேண்டும். ஒவ்வொரு கண்ணியும் அவனுடையதாக இருக்கவேண்டும்.

வழக்கமாக எங்கே உடைகிறது என்றால்:

"இந்த அரசாங்கத்தின் போருக்குப் போகமாட்டேன்" என்று எழுதுவது. அந்த உரிமை எல்லாப் போரிலும் ஆயுதம் ஏந்த மறுப்பவருக்கு. குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் மறுப்பதை ஜேர்மன் சட்டம் ஏற்பதில்லை. இங்கே நம்மவருக்கு ஒரு பொறி உண்டு. ஐரோப்பியப் படையில் சேர மறுக்கிற அதே பொடியன், ஊரில் நடந்த ஆயுதப் போராட்டத்தைச் சமூக ஊடகத்தில் கொண்டாடி எழுதியிருப்பான். அது முரண்பாடு. யாரும் தேடிப் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தக் கேள்விக்கு அவனிடமே பதில் இருக்கவேண்டும் என்பதற்காக. அந்தப் பதிலை எழுத்தில் அவனே முன்வைத்தால் விண்ணப்பம் பலமாகும்.

"நாங்கள் சைவம், உயிர்க்கொலை செய்யமாட்டோம்" என்ற ஒற்றை வரி. சமயக் காரணம் ஏற்கப்படும், ஆனால் அவன் அதை வாழ்கிறானா என்று பார்ப்பார்கள். கோயிலுக்குத் திருவிழாவுக்கு மட்டும் போகிறவன் கோயிலைச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது.

இணையத்திலிருந்து எடுத்த மாதிரிக் கடிதம். ஒரே பந்தி பத்து விண்ணப்பங்களில் வந்தால் பத்துக்கும் சந்தேகம். செயற்கை நுண்ணறிவிடம் எழுதுவித்ததும் அப்படித்தான். ஜேர்மன் மொழிப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.

படிப்பு, வேலை, காதல், அம்மாவின் கண்ணீர். இவை தள்ளிவைப்புக்குக் காரணமாகலாம், மறுப்புக்கு ஆகாது. உடல் வருத்தத்தையும் இதற்குள் கலக்கவேண்டாம்.

நீளம்? ஒன்றரைப் பக்கத்திலிருந்து மூன்று பக்கம் போதும். சுயவிபரக் கோவையில் துப்பாக்கி சுடும் கழகம் போன்றது இருந்தால் மறைக்காமல் எப்போது விட்டான், ஏன் விட்டான் என்று எழுதவேண்டும்.

திருகோணமலையில் இருக்கும் நான் அவனுக்கு எப்படி உதவலாம்?

மூன்றாம் நபர் கூற்று என்று ஒன்றை விண்ணப்பத்தோடு இணைக்கலாம். கட்டாயமில்லை. அவனை நன்கு அறிந்த கூட்டாளி, ஆசிரியர், குருக்கள், பங்குத்தந்தை, மௌலவி, அம்மம்மா என்று யாரும் எழுதலாம். ஒரு பக்கம் போதும். நீங்கள் யார், எத்தனை ஆண்டாக எப்படிப் பழக்கம், அவன் வன்முறையை மறுப்பதைக் காட்டிய ஒன்றிரண்டு சம்பவங்கள், திகதி, கையெழுத்து. "மிக நல்ல பிள்ளை, பெரியோரை மதிப்பான்" என்று நற்சான்றிதழ் எழுதாதீர்கள். அது வேலை விண்ணப்பத்துக்கு. நீங்கள் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும் வேண்டும். தமிழில் எழுதலாம், அங்கே மொழிபெயர்க்கட்டும்.

அதைவிடப் பெரிய உதவி, அவன் பேசும்போது கேட்பது. பல பொடியன்களுக்குத் தமிழில் பேசத்தான் வரும், எழுத வராது, வீட்டுக் கதையோ அரைகுறையாகத் தெரியும். அம்மம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, இடம், ஆண்டு, யார் என்பதைச் சரிபார்த்துக் குரல் பதிவாக அனுப்புங்கள். எழுத்தில் மூதூர் 1990 என்றும் 2006 என்றும் மாறி மாறி வந்தால் முழுக் கதையும் நம்பிக்கை இழக்கும்.

மறுப்பு ஏற்கப்பட்டால் முற்றாக விடுதலையா?

இப்போது கட்டாய முகாம் சேவையே இல்லாததால் வேறு சேவையும் இல்லை. கட்டாயச் சேவை உண்மையில் திரும்பினால், ஏற்கப்பட்டவர் வைத்தியசாலை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் மாற்றுச் சேவை செய்யவேண்டி வரும். அதன் காலம் படைச்சேவையின் காலத்தைவிடக் கூடக்கூடாது என்று அரசியலமைப்பின் 12அ உறுப்புரை சொல்கிறது.

பிள்ளையை இரண்டு வருடம் இங்கே அனுப்பிவைத்தால் தப்பலாமா?

இதை யோசிக்கிற பெற்றோர் பலர். வெளிநாட்டில் நிரந்தரமாக வாழ்பவருக்குக் கடமை உறங்கும் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அங்கே வதிவிடப் பதிவை வைத்துக்கொண்டு, மருத்துவக் காப்புறுதியையும் வைத்துக்கொண்டு, நிலாவெளியில் மாமி வீட்டில் ஒளித்து இருப்பது நிரந்தர வாழ்வு ஆகாது. திரும்பிப் போனால் கடமையும் எழும்பும். இடையில் படிப்பும் கெட்டிருக்கும். நிரப்பிவிட்டு "ஆர்வம் இல்லை" என்று சொல்ல முடிகிற ஒரு படிவத்துக்காக இரண்டு வருடத்தைத் தொலைப்பது முட்டாள்தனம்.

ஜேர்மன் பிரஜாவுரிமையைக் கைவிடுகிற யோசனையும் அப்படித்தான். வேறு பிரஜாவுரிமை கையில் இருக்கவேண்டும், படைக் கடமைக்குள் உள்ளவர் என்றால் பாதுகாப்பு அமைச்சின் பக்கமும் பார்க்கப்படும். அதன் பிறகு விசா எடுத்துத்தான் பிறந்த ஊருக்கே போகவேண்டி வரும்.

தானாக விரும்பிச் சேர நினைக்கிறான். தடுக்கவேண்டுமா?

அது அவனுடைய முடிவு. சம்பளம் வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 2,600 யூரோ, குறைந்தது ஆறு மாதம், கூடிய காலத்துக்குக் கையெழுத்திட்டால் சாரதி அனுமதிப்பத்திரச் செலவில் உதவி. பதினெட்டு வயதுக்கு அது பெரிய காசு. கையெழுத்திடுமுன் காலம், விலகும் விதி, வெளிநாட்டுப் பணிக்கு ஒப்புதல் கேட்கப்படுகிறதா ஆகிய மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். இலங்கையில் நெருங்கிய உறவினர் இருப்பதைப் பாதுகாப்புச் சோதனையில் கேட்பார்கள், மறைக்கத் தேவையில்லை.

சுவிஸில் உள்ளவர்களுக்கு?

அங்கே திரும்பி வர ஒன்றும் இல்லை, கட்டாயம் ஒருபோதும் நின்றதில்லை. சுவிஸ் பிரஜையான ஆண்களுக்கு மட்டும். பி, சி வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு இல்லை. 18 வயதில் தகவல் நாள், பிறகு மூன்று நாள் வரை ஆட்தெரிவு, பிறகு 18 வாரப் பயிற்சிப் பாடசாலை, அதன்பின் ஆண்டுக்கு மூன்று வாரம் வீதம் மீள்பயிற்சி. சாதாரணப் படையினருக்கு மொத்தம் 245 நாள்.

"காசு கட்டினால் விடுவார்கள்" என்பது பாதி உண்மைதான். சேவை செய்யாதவர் வரிக்குரிய வருமானத்தில் 3 வீதம், ஆண்டுக்குக் குறைந்தது 400 பிராங்க், விலக்கு வரியாகக் கட்டவேண்டும். ஆனால் தகுதி உள்ளவன் காசைக் கட்டி விலகிக்கொள்ள முடியாது. தகுதியற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டவருக்கும், அந்த ஆண்டுச் சேவையைச் செய்யாதவருக்கும் விதிக்கப்படுவது அது. மனச்சாட்சிப் பரீட்சை அங்கே 2009இலிருந்து இல்லை, சிவில் சேவைக்கு விண்ணப்பித்தால் போதும். விலை காலம்தான்: மீதியுள்ள நாள்களின் ஒன்றரை மடங்கு.

பெண்கள் உட்பட எல்லோரையும் ஏதோ ஒரு சேவைக்குள் கொண்டுவரும் முன்மொழிவை 2025 நவம்பர் 30 வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். "சுவிஸில் பெண் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள்" என்று இன்னும் சுற்றும் செய்தி அதற்கு முந்தியது.

நோர்வே, டென்மார்க், சுவீடன்?

இங்கேதான் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. நோர்வேயில் 1997இலும் அதற்குப் பிறகும் பிறந்த பெண்களுக்கும் ஆண்களைப் போலவே கடமை. 17 வயதில் இணையப் படிவத்தை எல்லோரும் நிரப்பவேண்டும், ஆனால் உண்மையில் சேவைக்கு எடுப்பது சிறு பகுதியினரையே. விருப்பம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. 2020இலிருந்து இரட்டைப் பிரஜாவுரிமையை நோர்வே அனுமதிப்பதால், முன்பு இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்த பலர் நோர்வேப் பிரஜையாகி இந்தக் கடமைக்குள்ளும் வந்துவிட்டார்கள்.

டென்மார்க்கில் 2025 ஜூலை 1க்குப் பிறகு 18 வயதாகும் பெண்களும் சீட்டிழுப்பில் சேர்க்கப்படுகிறார்கள். சேவைக் காலம் நான்கு மாதத்திலிருந்து பதினொன்றாக நீட்டப்பட்டது. தொண்டர் போதாவிட்டால்தான் சீட்டு. சுவீடன் 2010இல் நிறுத்தியதை 2017இல் இரு பாலாருக்கும் திரும்பக் கொண்டுவந்தது. 18 வயதுப் படிவத்தை அலட்சியம் செய்தால் அங்கேயும் தண்டம்.

பிரான்ஸில் மக்ரோன் அறிவித்தது கட்டாயமா?

இல்லை. 2025 நவம்பர் 27 அன்று அறிவித்தது பத்து மாதத் தொண்டர் சேவை. அதைவிடக் கவனிக்கவேண்டியது பழைய கடமை ஒன்று: பிரெஞ்சுப் பிரஜையான ஒவ்வொரு பிள்ளையும், ஆணோ பெண்ணோ, 16 வயதாகி மூன்று மாதத்துக்குள் நகரசபையில் பதியவேண்டும், பின்னர் ஒரு நாள் பாதுகாப்புத் தகவல் அமர்வுக்குப் போகவேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் 25 வயதுக்குள் பக்கலோரியா என்ற பள்ளி இறுதிப் பரீட்சைக்கும் சாரதிப் பரீட்சைக்கும் பதிவதில் சிக்கல் வரும். ஆமி என்று பயந்து போகாமல் விட்டு, பரீட்சை நேரத்தில் ஓடித் திரிகிறார்கள்.

லண்டன், கனடா?

இரண்டிலும் இல்லை. பிரிட்டன் 1960இன் முடிவோடு அழைப்பை நிறுத்தியது. 2024 தேர்தலில் ரிஷி சுனக் முன்வைத்த தேசிய சேவைத் திட்டம் அவருடைய தோல்வியோடு போய்விட்டது.

இலங்கையிலும் வரப்போகிறதா?

இப்போது கட்டாயச் சேவை இல்லை, முப்படைகளிலும் சேர்வது விருப்பத்தின் பேரில். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோருக்கு இராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி நடத்தப்பட்டது. 2021 ஜனவரியில் அப்போதைய அமைச்சர் சரத் வீரசேகர 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு இராணுவப் பயிற்சி வேண்டும் என்றார், அது சட்டமாகவில்லை. இந்த இரண்டு பழைய செய்திகளும் திகதி இல்லாமல் மறுபடி மறுபடி பகிரப்படுகின்றன.

பெரியவர்கள் ஏன் இந்தளவு பதறுகிறார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. வடக்கு கிழக்கு மாகாண சபை திருகோணமலையில் இருந்த 1989இல், இந்தியப் படை வெளியேறத் தொடங்கிய காலம், தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று இளைஞர்களை வீதியிலும் வீட்டிலும் பிடித்தார்கள். பிறகு புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கேட்ட காலம், கிழக்கில் புலிகளிலிருந்து பிரிந்த கருணா அணியினர் பிள்ளைகளைக் கொண்டுபோன காலம். "பிள்ளைபிடி" என்று தாய்மார் சொன்னது அதைத்தான். அப்போது கடிதமும் இல்லை, வயதும் பார்க்கவில்லை, முறையிட அலுவலகமும் இல்லை. இப்போது வருவதில் வயது வரம்பு, காலக்கெடு, மறுக்கும் உரிமை, மேன்முறையீடு எல்லாம் உண்டு. அம்மம்மாவுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதாது, பொறுமையாகப் பல தடவை சொல்லவேண்டும்.

காசு கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார்.

ஏமாற்று. எந்த நாட்டின் அழைப்புக் கடிதமும் காசு கேட்காது, வங்கி இலக்கமும் கேட்காது. சந்தேகமான கியூஆர் குறியீட்டை வருடாமல், அரச தளத்தின் முகவரியைக் கையால் தட்டச்சுச் செய்து உள்ளே போங்கள்.

இதைவிட ஆபத்தான ஏமாற்று எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ரஷ்யாவில் வேலை, ரஷ்யா வழியாக ஐரோப்பா என்று சொல்லிக் கூட்டிப்போய்ப் போர்முனையில் விட்டது. இலங்கையின் முன்னாள் படையினர் அப்படி அகப்பட்டது 2024 மே மாதத்தில் பெரிய விசாரணையானது. ரஷ்ய மொழியில் உள்ள ஒப்பந்தத்தில், வாசிக்க முடியாவிட்டால், கையெழுத்து வைக்கவே கூடாது. திருகோணமலைப் பொடியன்களுக்கு ஜேர்மன் கடிதத்தைவிட இதுதான் நிஜமான ஆபத்து.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கவனிக்கவேண்டியது?

பயணத்துக்கு முன் படிவத்தை நிரப்பிவிட்டு வரட்டும், அல்லது தபால்பெட்டியைத் திறக்க ஒருவரிடம் சாவி கொடுக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் ஆறு வாரம் வீடு பூட்டியிருக்கும்போதுதான் காலக்கெடு கழிந்துபோகிறது. சேவையில் உள்ளவன் சீருடையையோ உருமறைப்புக் காற்சட்டையையோ கொண்டுவரக்கூடாது. படையினர் அல்லாதவர் அந்தத் தோற்றத்தில் திரிவது இங்கே பிரச்சினைக்குரியது. கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையே பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் இராணுவ முகாமூடாகத்தான் போகிறது. கடற்படைத் தளத்துப் பக்கம் படம் எடுப்பதும் வேண்டாம்.